இணையத்தில் தமிழ் பிழைத்த கதை: திறந்த தரங்களும் உலாவிச் செயலிகளும்

விருத்தாசலம் என்றதும் பலருக்கு விருத்தகிரீசுவரர் கோயில் நினைவுக்கு வரும். மின்சார வேலை தெரிந்தவர்களுக்கோ பீங்கான் நினைவுக்கு வரும்! பொம்மைகளும் பீங்கான் பியூஸ் கேரியர்களும் செய்யும் பட்டறைகள் அந்த ஊரில் உண்டு.

பியூஸ் கேரியரைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அது இரண்டு துண்டு. சுவரில் பொருத்துவது ஒன்று, கையில் பிடித்து அதற்குள் செருகுவது இன்னொன்று. மேல் துண்டு உடைந்தால் கடையில் இன்னொன்று வாங்கி வந்து செருகிவிடுவார்கள். அது எந்தப் பட்டறையில் செய்தது என்று யாரும் கேட்பதில்லை. களிமண் சூளையில் வெந்தால் சுருங்கும். அந்தச் சுருக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அச்சு செய்கிறார்கள். எல்லாரும் ஒரே அளவை ஒப்புக்கொண்டு செய்வதால்தான் ஒருவர் செய்தது இன்னொருவர் செய்ததில் பொருந்துகிறது. இந்த ஒப்புக்கொண்ட அளவுக்குத்தான் தரம் என்று பெயர்.

இன்று விருத்தாசலத்தை அடுத்த நல்லூரில் ஒரு விவசாயி தன் நிலத்தின் சிட்டாவைக் கைப்பேசியில் உள்ள உலாவியிலேயே தமிழில் பார்க்க முடிகிறது. கைப்பேசி எந்த நிறுவனத்தினுடையது, உலாவி எது என்பதெல்லாம் பொருட்டில்லை. தனியாக எழுத்துரு இறக்கிக்கொள்ள வேண்டியதும் இல்லை. இது ஏதோ தானாக வந்துவிட்ட வசதி போலத் தோன்றலாம். ஆனால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த ஒரு போராட்டத்தின் பலன் இது. அந்தக் கதையை அறிந்துகொண்டால், உலாவிக்குள் இயங்கும் செயலிகள் இனி எந்தப் பக்கம் போகும், எதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதும் புரியும்.

யாருக்கும் சொந்தமில்லாத வலை

உலகளாவிய வலையை (வெப் என்று எல்லாரும் சொல்வதைத்தான்) 1989-ல் முன்மொழிந்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ. அப்போது அவர் ஜெனீவாவுக்கு அருகில் உள்ள செர்ன் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1993 ஏப்ரல் 30-ந் தேதி செர்ன் ஒரு முக்கியமான அறிவிப்பை வெளியிட்டது. வலையின் அடிப்படை மென்பொருளை யார் வேண்டுமானாலும் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தலாம், அதற்கு உரிமை கோரப்போவதில்லை என்பதே அது.

இதன் அருமை புரிய வேண்டுமானால் அதே காலத்தில் இருந்த கோஃபர் என்ற இன்னொரு முறையைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் உருவாக்கியது அது. அன்றைக்கு வலையை விடப் பரவலாக இருந்தது. 1993-ன் தொடக்கத்தில் அந்தப் பல்கலைக்கழகம் கோஃபர் வழங்கி மென்பொருளுக்குச் சிலரிடம் உரிமக் கட்டணம் வாங்கப்போவதாகச் சொன்னது. நாளைக்கு நம்மிடமும் கேட்பார்களோ என்று பலர் தயங்கினார்கள். கோஃபர் தேய்ந்தது, வலை வளர்ந்தது. கோஃபர் தேய்ந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் இந்தக் கட்டணப் பேச்சு அதை வலுவாக அடித்தது என்பதை மறுக்க முடியாது.

1994-ல் டபிள்யூ3சி என்ற வலைக் கூட்டமைப்பு அமெரிக்காவின் எம்ஐடியில் தொடங்கப்பட்டது. ஒரு பக்கத்தை எப்படி எழுத வேண்டும், உலாவி அதை எப்படிக் காட்ட வேண்டும் என்ற விதிகளைப் பேசி எழுதி வெளியிடுவது அதன் வேலை. விதிகள் எல்லாருக்கும் திறந்தே இருக்கும். யார் வேண்டுமானாலும் அதைப் படித்து ஓர் உலாவி செய்யலாம். இதுதான் திறந்த தரம்.

256 இடமும் 247 எழுத்தும்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு 1995 ஆகஸ்ட் 15-ந் தேதி விஎஸ்என்எல் மூலம் வந்தது. அதே 1995-ல் சிங்கப்பூரில் அந்நாட்டுக் கவிதைகளை நான்கு மொழிகளில் தரும் ஒரு வலைத்தளம் தொடங்கப்பட்டது. அதில் தமிழும் ஒன்று. தமிழ்ப் பகுதிக்குப் பின்னால் இருந்தவர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி. தமிழில் வெளிவந்த முதல் வலைப்பக்கங்கள் என்று பலரும் இதையே சுட்டுகிறார்கள்.

ஆனால் அன்றைக்கு ஒரு பெரிய சிக்கல் இருந்தது. கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைத்தான் சேமிக்கிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் என்ற பட்டியலுக்குத்தான் குறிமுறை என்று பெயர். அன்றைய பட்டியலில் மொத்தம் 256 இடம். அதில் முதல் 128 இடம் ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும் குறிகளுக்கும் போய்விட்டது. மிச்சம் 128.

தமிழிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக மொத்தம் 247! இத்துடன் ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளும் வேண்டும். 128 இடத்தில் இவ்வளவையும் எப்படி அடைப்பது?

கால், கொம்பு, புள்ளி என்று எழுத்தைத் துண்டு துண்டாக வைத்து ஒட்டினார்கள். எந்தத் துண்டை எந்த எண்ணில் வைப்பது என்பதற்கு மட்டும் பொதுவான ஏற்பாடு இல்லை. எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தமக்குச் சரி என்று பட்ட இடத்தில் வைத்தார்கள். சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்துவிட்டார்கள்.

இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் பரவலாக இருந்த பாமினி எழுத்துரு இந்த வகைதான். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினிக்குள் சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான்! பாமினி உள்ள கணினியில் அது தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். தேடுபொறிக்கும் அது ஆங்கிலக் குப்பைதான். பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அப்படியே.

இரண்டு உலாவிகளின் சண்டை

எழுத்துரு இல்லாதவர் பக்கத்தைப் படிக்க என்ன செய்வது? ‘இங்கே சொடுக்கி எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்’ என்று ஒவ்வொரு தளத்தின் தலையிலும் ஒரு வரி இருக்கும். பிரவுசிங் சென்டருக்குப் போய் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்தவர், முதலில் எழுத்துருவை இறக்க வேண்டும். பிறகு அதைக் கணினியில் நிறுவ வேண்டும். சென்டர்காரர் அதற்கு அனுமதித்தால்தான் உண்டு! ஒரு செய்தித்தாளுக்கு ஓர் எழுத்துரு, வார இதழுக்கு இன்னொன்று. நான்கு தளம் படிக்க நான்கு எழுத்துரு.

1997-ல் இதற்கு ஒரு வழி வந்தது. பக்கத்தோடு சேர்த்து எழுத்துருவையும் உலாவியே இறக்கிக்கொள்ளும் ‘இயங்கு எழுத்துரு’ முறைதான் அது. தமிழ்த் தளங்கள் இதை ஆவலோடு பிடித்துக்கொண்டன. ஆனால் அங்கேயும் சண்டை. நெட்ஸ்கேப் 4 பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் முறையை எடுத்துக்கொண்டது. மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 தனக்கென்று வேறொரு முறையைக் கொண்டுவந்தது. ஒன்றுக்கான கோப்பு மற்றதில் வேலை செய்யாது. தளம் நடத்துபவர் ஒரே எழுத்துருவை இரண்டு விதமாகச் செய்து வைக்க வேண்டியிருந்தது.

மேலும், இப்படிச் செய்த எழுத்துருவை ஒரு குறிப்பிட்ட தள முகவரியோடு பூட்டி வைக்க முடியும். எழுத்துரு திருட்டைத் தடுக்க அது தேவைதான். ஆனால் அப்படிப் பூட்டிய பக்கத்தை ஒருவர் தன் கணினியில் சேமித்து வைத்துப் பிறகு திறந்தால் எழுத்துரு வராது.

முடிவு என்ன? 2000-ல் வந்த நெட்ஸ்கேப் 6 பிட்ஸ்ட்ரீம் முறையைக் கைவிட்டது. மைக்ரோசாப்டின் முறையும் இன்றைய உலாவிகள் எதிலும் இல்லை. அந்த இரண்டையும் நம்பி எழுதப்பட்ட பக்கங்கள் இணைய ஆவணக் காப்பகத்தில் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் திறந்தால் தெரிவது கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான். அந்தக் காலத்துத் தேர்தல் செய்தி, போர்ச் செய்தி, சிறுகதை, திருமண அழைப்பு எல்லாம் அந்தக் குப்பைக்குள் இருக்கின்றன. எழுதியவர்கள் தவறாக எழுதவில்லை. அவர்கள் நம்பிய பூட்டுக்குச் சாவி செய்பவர் கடையை மூடிவிட்டார், அவ்வளவுதான்.

திஸ்கி, டாம், டாப்

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்ட முதலில் முயன்றவர்கள் பெரிய நிறுவனங்கள் அல்ல. உலகம் முழுவதும் சிதறிக் கிடந்த தமிழ் ஆர்வலர்கள்தான். சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ என்ற எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தவர். மலேசியாவின் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளைச் செய்தவர். இவர்களைப் போன்ற பலர் ஒரு மின்னஞ்சல் குழுவில் கூடி, எந்த எழுத்துக்கு எந்த எண் என்று மாதக்கணக்கில் வாதாடினார்கள். அதில் பிறந்ததுதான் திஸ்கி. ஆங்கிலத்தின் 128 இடத்தைத் தொடாமல் மேல் பாதியில் தமிழை வைத்த குறிமுறை இது. ஒரே கோப்பில் தமிழும் ஆங்கிலமும் எழுத முடிந்தது.

1997-ல் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்தது. அடுத்த மாநாடு 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்தது. அதைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறிமுறைகளையும் ‘தமிழ்99’ விசைப்பலகையையும் அறிவித்தது. டாம் தமிழுக்கு மட்டும், டாப் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும். 2000-ல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது.

ஆக, பல குறிமுறைகளை ஒழிக்கக் கூடியவர்கள் இன்னும் மூன்றைச் சேர்த்துவிட்டார்கள் என்று கேலி பேசியவர்களும் உண்டு! ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. இந்த மூன்றின் பட்டியலும் வெளியிடப்பட்டது. எந்த எண்ணில் எந்த எழுத்து என்று யாரும் பார்க்கலாம், அதற்கு யாரும் எழுத்துரு செய்யலாம். பட்டியல் வெளியில் இருந்தால் பிற்காலத்தில் மாற்றி எழுதும் கருவி செய்வது எளிது.

இதற்கு நல்ல சாட்சி மதுரைத் திட்டம். பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தரும் இந்தத் தன்னார்வத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் நூல்கள் திஸ்கியில் வந்தன. பிறகு யுனிகோடுக்கு மாற்றப்பட்டன. பல நாடுகளில் இருந்தவர்கள் வேலை நேரம் போக இரவில் உட்கார்ந்து அடித்த அந்த நூல்கள் இன்றைக்கும் எந்தக் கைப்பேசியிலும் திறக்கின்றன.

யுனிகோடு மீதான வழக்கு

யுனிகோடு 1991-ல் வந்தது. உலகத்தின் எல்லா எழுத்துகளுக்கும் ஒரே பட்டியல் என்பது அதன் நோக்கம். முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆனால் இந்திய மொழிகளுக்கான இடத்தை ‘இஸ்கி’ என்ற இந்திய அரசுத் தரத்தின் 1988 பதிப்பைப் பார்த்து ஒதுக்கினார்கள். தமிழுக்கு 128 இடம். உயிர்மெய்களுக்குத் தனித்தனி இடம் இல்லை. ககரம் ஓர் இடம், அதோடு சேரும் குறிகளுக்கு ஓர் இடம் என்ற அமைப்பு.

இதைத் தமிழறிஞர்களும் கணினி வல்லுநர்களும் கடுமையாக விமரிசித்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. தமிழ் இலக்கணப்படி ‘க்’ என்ற மெய்யோடு ‘அ’ சேர்ந்தால் ‘க’. யுனிகோடிலோ ‘க’ அடிப்படை, அதன் மேல் புள்ளியைச் சேர்த்தால் ‘க்’. வரிசையிலும் கோளாறு. தமிழ் நெடுங்கணக்கில் கடைசி எழுத்தான ‘ன’, யுனிகோடில் ‘ந’வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. எண் வரிசைப்படி மட்டும் அடுக்கினால் அகராதி வரிசை கெட்டுவிடும். அதைச் சரிசெய்ய மென்பொருள் தனியாக ஒரு வேலை செய்தாக வேண்டும். இடமும் அதிகம் பிடிக்கும். ‘தமிழ்’ என்ற சொல் பாமினியில் 5 பைட். இணையத்தில் வழக்கமான யுடிஎஃப்-8 முறையில் 15 பைட்!

மற்றொரு சிக்கல், அன்றைய கணினிகள் தயாராக இல்லை. தமிழ் யுனிகோடை இயக்குதளத்திலேயே கொண்டுவந்த முதல் விண்டோஸ், விண்டோஸ் 2000 தான். பழைய விண்டோஸ் 98-ல் கொம்பு இடம் மாறி, புள்ளி தள்ளித் தெரியும். 2001-ல் வந்த எக்ஸ்பியிலும் ஓர் அமைப்பைத் தேடிப்பிடித்து ‘டிக்’ செய்ய வேண்டும். அதற்கு விண்டோஸ் குறுந்தகட்டையும் கேட்கும்.

இவ்வளவு குறை இருந்தும் யுனிகோடு ஏன் வென்றது? காரணம் எளிது. திஸ்கி தமிழர்களுக்குள் ஒப்பந்தம். யுனிகோடு உலகத்தோடு ஒப்பந்தம். எச்டிஎம்எல் 4 (1997) யுனிகோடின் எழுத்துத் தொகுப்பையே தன் அடிப்படையாக எடுத்துக்கொண்டது. இயக்குதளம், உலாவி, தேடுபொறி, தரவுத்தளம் என்று எல்லாம் அதையே பேசத் தொடங்கின. தமிழுக்கென்று தனியாக யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. அரபுக்கும் தாய் மொழிக்கும் செய்கிற வேலையோடு தமிழுக்கும் நடந்துவிடும்.

2003 செப்டம்பரில் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. அதே ஆண்டில் தமிழ் வலைப்பதிவுகளும் எழத் தொடங்கின. 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் எங்கெங்கோ எழுதப்பட்ட பதிவுகளை ஒரே பக்கத்தில் திரட்டிக் காட்டியது. இதைச் செய்ய முடிந்ததற்கு இரண்டு திறந்த தரங்கள் காரணம். ஒன்று யுனிகோடு, இன்னொன்று செய்தியோடை. ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துருவில் எழுதியிருந்தால் திரட்டியின் முகப்பு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்!

கடைசியாக 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், தமிழக அரசு யுனிகோடைத் தரமாக ஏற்று ஆணை வெளியிட்டது. யுனிகோடு வசதி இல்லாத இடங்களுக்கு, எழுத்துக்கு ஓர் இடம் என்று வகுத்த ‘டேஸ்16’ மாற்றாக அறிவிக்கப்பட்டது. வழக்கு முழுவதும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் இணையத்தில் தீர்ப்பு அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

உலாவியே கருவி ஆனது

இதுவரை சொன்னது படிப்பதைப் பற்றி. உலாவிக்குள்ளேயே வேலை செய்யும் செயலிகள் எப்படி வந்தன?

1999-ல் மைக்ரோசாப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-ல் ஒரு சிறு வசதியைச் சேர்த்தது. பக்கத்தை மறுபடி முழுதாக இறக்காமல், தேவையான தகவலை மட்டும் பின்னணியில் கேட்டு வாங்கும் வசதி அது. மற்ற உலாவிகளும் அதைப் பார்த்துச் செய்துகொண்டன. அதைப் பயன்படுத்தி 2004 ஏப்ரலில் ஜிமெயிலும் 2005 பிப்ரவரியில் கூகுள் வரைபடமும் வந்தபோது உலகமே வியந்தது. ‘ஏஜாக்ஸ்’ என்ற பெயர் அந்த 2005 பிப்ரவரியில்தான் சூட்டப்பட்டது. பிறகு டபிள்யூ3சி அதைத் தரமாக எழுதத் தொடங்கியது. ஒரு நிறுவனம் கண்டுபிடித்தது, எல்லாரும் ஒப்புக்கொண்டதும் பொதுச் சொத்தானது.

தமிழுக்கு இதனால் கிடைத்த லாபம் பெரிது. பிரவுசிங் சென்டர் கணினியில் மென்பொருள் நிறுவ அனுமதி கிடையாது. ஆனால் ஒரு வலைப்பக்கத்தைத் திறக்கலாம் அல்லவா? ஜெர்மனியில் வாழும் சுரதா யாழ்வாணன் செய்த ‘பொங்குதமிழ்’ மாற்றி அந்தக் காலத்துத் தமிழ் இணையத்தில் தெரியாதவர் இல்லை. பாமினி, திஸ்கி, டாப் என்று எதில் எழுதியதையும் ஒரு பெட்டியில் ஒட்டினால் அடுத்த பெட்டியில் யுனிகோடாக வந்துவிடும். எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட், உலாவிக்குள்ளேயே நடக்கும் வேலை.

விக்கிப்பீடியா 2011-ல் ‘நாராயம்’ என்ற தட்டச்சுக் கருவியைத் தன் பக்கங்களிலேயே சேர்த்தது. மலையாளத்தில் நாராயம் என்றால் எழுத்தாணி. கணினியில் எதையும் நிறுவாமல், தொகுக்கும் பெட்டியிலேயே தமிழ்99 முறையிலோ ஒலிபெயர்ப்பு முறையிலோ அடிக்கலாம். பின்னாளில் நீச்சல்காரன் செய்த ‘நாவி’ சந்திப்பிழை திருத்தியும் ‘வாணி’ எழுத்துப்பிழை திருத்தியும் இதே வழியில் உலாவியிலேயே இயங்குகிறவை. இவற்றைச் செய்ய யாரும் ஒரு நிறுவனத்திடம் அனுமதி வாங்கவில்லை. தரம் திறந்திருந்தது, செய்தார்கள்.

பழைய எழுத்துருச் சண்டையும் ஒருவாறு முடிந்தது. பக்கத்தோடு எழுத்துருவை அனுப்பும் முறைக்கு ‘வோஃப்’ என்ற பொது வடிவம் 2012 டிசம்பரில் டபிள்யூ3சியின் பரிந்துரையாக வந்தது. 1997-ல் இரண்டு நிறுவனங்கள் தனித்தனியாகச் செய்ததை ஒன்றாகச் செய்ய 15 ஆண்டு ஆகியிருக்கிறது!

கொரியா சொல்லும் பாடம்

திறந்த தரத்தை விட்டு விலகினால் என்ன ஆகும் என்பதற்குத் தென் கொரியாவை விட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. 1990-களின் கடைசியில் அமெரிக்கா வலுவான மறையாக்க மென்பொருளை வெளிநாடுகளுக்குத் தருவதைக் கட்டுப்படுத்தியிருந்தது. எனவே கொரியர்கள் ‘சீட்’ என்ற சொந்த மறையாக்கத்தை உருவாக்கினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் உலாவிகளில் அது இல்லை. அதனால் ‘ஆக்டிவ்எக்ஸ்’ என்ற மைக்ரோசாப்ட் செருகு மென்பொருள் வழியாக அதைக் கொண்டுவந்தார்கள். வங்கி, வரி, இணையக் கடை என்று எல்லாவற்றுக்கும் அதுவே.

ஆக்டிவ்எக்ஸ் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே ஓடும். அதிவேக இணையத்தில் உலகத்துக்கே முன்னோடியான நாடு, ஒரே நிறுவனத்தின் ஒரே உலாவியில் மாட்டிக்கொண்டது. 2004-ல் பயர்பாக்ஸ் வந்தபோதும், 2008-ல் குரோம் வந்தபோதும், கொரியர்கள் வங்கி வேலைக்கு மட்டும் பழைய உலாவியைத் திறக்க வேண்டியிருந்தது. கட்டாயச் சான்றிதழ் முறைக்கு 2020 டிசம்பரில்தான் அங்கே முடிவு வந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு மைக்ரோசாப்டே 2022 ஜூன் 15-ந் தேதி விடை கொடுத்துவிட்டது.

அந்தக் காலத்தில் இந்தியாவிலும் ‘இந்தத் தளத்தை இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் பார்க்கவும்’ என்ற அறிவிப்பு பல தளங்களில் இருந்தது. இன்று சிரிப்பாக இருக்கலாம். அன்று வேறு உலாவி வைத்திருந்தவருக்குக் கதவு சாத்தப்பட்டது.

ஃபிளாஷ் கதையும் இதே ரகம். அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ந் தேதியோடு அதை நிறுத்தியதும், அதில் செய்யப்பட்ட பாடங்களும் விளையாட்டுகளும் ஒரே இரவில் அனாதை ஆயின. ‘ரஃபிள்’ என்ற கருவியைச் செய்து அவற்றை மீட்டுக்கொண்டிருப்பவர்கள் தன்னார்வலர்கள். பொங்குதமிழ் செய்த அதே வேலை, வேறு பெயரில்!

இனி என்ன?

உலாவிச் செயலிகளுக்கு எதிர்காலம் இருக்கிறதா? இருக்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2017-ல் வந்த ஜியோபோன் என்ற பொத்தான் கைப்பேசி, காய்ஓஎஸ் என்ற இயக்குதளத்தில் ஓடியது. அது மொசில்லா கைவிட்ட பயர்பாக்ஸ் ஓஎஸ்ஸின் வழிவந்தது. அதன் செயலிகள் வலைப்பக்கம் எழுதும் அதே மொழிகளில் எழுதப்பட்டவை. 2019 டிசம்பரில் ‘வெப்அசெம்பிளி’ தரமாக ஏற்கப்பட்ட பிறகு, கனமான மென்பொருள்களும் உலாவிக்குள் வந்துவிட்டன. படம் வரைவது, வீடியோ தொகுப்பது, கட்டடம் வடிவமைப்பது எல்லாம் உலாவியிலேயே நடக்கிறது.

ஆனால் ஆபத்து வேறு உருவத்தில் நிற்கிறது. 2020 ஜனவரியில் மைக்ரோசாப்டின் எட்ஜ் உலாவியும் கூகுள் முன்னின்று நடத்தும் குரோமியத்துக்கு மாறியது. ஓபரா அதற்கு முன்பே 2013-ல் மாறிவிட்டது. இப்போது பெரிய உலாவி இயந்திரங்கள் மூன்றுதான். குரோமியத்தில் உள்ளது ஒன்று, ஆப்பிளின் வெப்கிட் ஒன்று, பயர்பாக்ஸின் கெக்கோ ஒன்று. ஐபோனில் எந்த உலாவியை நிறுவினாலும் உள்ளே வெப்கிட்தான் ஓட வேண்டும் என்று ஆப்பிள் விதித்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தால் 2024-ல் அங்கே மட்டும் அந்த விதி தளர்ந்தது.

குரோமியத்தின் நிரல் திறந்ததுதானே, பிறகு என்ன பயம் என்று கேட்கலாம். நிரல் திறந்திருப்பது வேறு, தரம் திறந்திருப்பது வேறு. எல்லாரும் ஒரே இயந்திரத்தில் மட்டும் சோதித்துப் பக்கம் எழுதினால், அந்த இயந்திரம் செய்வதே தரம் ஆகிவிடும். ஏட்டில் உள்ள தரத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். 2001-ல் எக்ஸ்புளோரர் 6-ஐ மட்டும் நம்பி எழுதியவர்கள் செய்த அதே தவறு இது. இன்னொரு ஆபத்து தரவைப் பற்றியது. செயலி உலாவியில் ஓடினாலும், அதில் எழுதியதை வெளியே எடுக்க வழி இல்லை என்றால் அது பூட்டிய எழுத்துருவைப் போன்றதுதான்.

எனவே ஒரு செயலியை நம்பி எழுதும் முன், அல்லது ஓர் அரசு அலுவலகம் அதை வாங்கும் முன், மூன்று கேள்வி கேட்கலாம். இதை இன்னோர் உலாவியில் திறந்தால் வேலை செய்யுமா? எழுதியதை முழுதாக வெளியே எடுக்க முடியுமா? எடுத்த கோப்பின் அமைப்பு எல்லாரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டிருக்கிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் நிறுவனம் போனாலும் எழுத்து இருக்கும்.

மதுரைத் திட்டத்தின் நூல்கள் இருக்கின்றன. இயங்கு எழுத்துருவில் வந்த எத்தனையோ பக்கங்கள் குப்பை எழுத்தாகக் கிடக்கின்றன. இரண்டையும் எழுதியது ஒரே காலத்துத் தமிழர்கள்தான். ஒன்றின் பட்டியல் எல்லார் கையிலும் இருந்தது. மற்றது சில நிறுவனங்களின் கையில் மட்டும் இருந்தது. நல்லூர் விவசாயியின் பேரன் நாளைக்கு அந்தச் சிட்டாவைத் தேடும்போது அது தமிழாகத் தெரிய வேண்டுமானால், இந்த வித்தியாசத்தை இன்றைக்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.